புகைப்பதை யார் விடுவார், யார் விடமாட்டார்? முன்கூட்டியே சொல்ல முடியுமா?

"இன்றோடு சிகரெட்டைத் தலைமுழுகிவிட்டேன்" என்று ஒருவர் அறிவித்ததும், கேட்பவர்கள் வாயார வாழ்த்திவிட்டு மனதுக்குள் நாள் எண்ணத் தொடங்கிவிடுவார்கள். ஆராய்ச்சியாளர்களும் பல பத்தாண்டுகளாக இதைத்தான் செய்துவருகிறார்கள். அவர்கள் எண்ணியதை எழுதிவைக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அவர்கள் கண்டுபிடித்தவற்றில் எதை நம்பலாம், எதைத் தள்ளிவிடலாம் என்பதை அடிக்கடி வரும் கேள்விகளின் வழியே பார்ப்போம்.

யார் வெல்வார் என்று உறுதியாகக் கணிக்க முடியுமா?

நூறு பேர் கொண்ட கூட்டத்தைக் காட்டினால் ஓரளவு சொல்லலாம். அந்தக் கூட்டத்திலிருந்து ஒருவரைத் தனியே நிறுத்தி "இவர் விடுவாரா?" என்று கேட்டால், அடித்துச் சொல்லக்கூடிய வினாத்தாளும் இல்லை, கணினி நிரலும் இல்லை. நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிடத் தேவலாம் என்ற அளவில்தான் பெரும்பாலான கணிப்பு முறைகள் நிற்கின்றன. ஆனாலும் அவை வீண் அல்ல. யாருக்கு எவ்வளவு உதவி தேவைப்படும் என்ற கேள்விக்கு அவை உருப்படியான விடை தருகின்றன. கணிப்பை அதற்குத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது என் கருத்து. ஒருவரை உட்காரவைத்து ஜாதகம் பார்ப்பதுபோல் "உனக்கு இந்த ஜென்மத்தில் முடியாது" என்று சொல்வதற்கு அதைப் பயன்படுத்துவது அபத்தம்.

ஒரே ஒரு கேள்விதான் கேட்கலாம் என்றால் எதைக் கேட்பது?

"காலையில் கண்விழித்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்டைப் பற்றவைக்கிறீர்கள்?"

உடலில் இருக்கும் நிகோட்டின் பாதியாகக் குறைய ஏறத்தாழ 2 மணி நேரம் போதும். இரவு முழுவதும் தூங்கி எழுபவரின் ரத்தத்தில் அது பெரும்பாலும் வடிந்துபோயிருக்கும். அந்த வெறுமையை மூளை எவ்வளவு நேரம் பொறுத்துக்கொள்கிறது என்பதைத்தான் இந்தக் கேள்வி அளக்கிறது. ஒருவர் போர்வையை விலக்குவதற்கு முன்பே அவருடைய கை தலைமாட்டில் தீப்பெட்டியைத் துழாவுகிறது. கால் தரையில் படும்போது நாலு இழுப்பு முடிந்திருக்கிறது. இன்னொருவர் பல் துலக்கி, குளித்து, செய்தித்தாளைப் புரட்டி, வேலைக்குப் போய் உட்கார்ந்த பிறகுதான் சிகரெட்டை நினைக்கிறார். இரண்டு பேருமே தங்களைப் "புகைப்பவர்" என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். நிகோட்டினின் பிடி இருவர் மேலும் ஒன்றல்ல.

சுவீடனைச் சேர்ந்த கார்ல் ஓலோவ் ஃபாகர்ஸ்ட்ரோம் 1978-இல் வெளியிட்ட வினாத்தாள், 1991-இல் திருத்தப்பட்டு ஆறு கேள்விகளாகச் சுருங்கியது. மருத்துவர்கள் இன்றும் கையில் எடுப்பது அதைத்தான். காலையின் முதல் சிகரெட் எப்போது, நாளுக்கு எத்தனை, தடை செய்யப்பட்ட இடங்களில் அடக்கிக்கொள்வது கடினமா, எந்தச் சிகரெட்டை விடுவது மிகவும் கஷ்டம், காலை நேரத்தில் அதிகம் புகைப்பதுண்டா, படுத்த படுக்கையாகக் காய்ச்சலில் கிடக்கும்போதும் புகைப்பீர்களா என்று அது கேட்கிறது. மொத்தம் 10 புள்ளிகள்; புள்ளி கூடக்கூடப் பிடி இறுக்கம். அவற்றில் முதல் சிகரெட் பற்றிய கேள்விக்கும் எண்ணிக்கை பற்றிய கேள்விக்கும் மட்டுமே அதிகபட்சமாக 3 புள்ளிகள் உண்டு. மற்றவை ஒரு புள்ளிக் கேள்விகள்.

நாளுக்கு எத்தனை என்பதுதானே முக்கியம்? நான் 12தான் புகைக்கிறேன். என் நண்பர் 20.

மேலே சொன்ன இரண்டு பெரிய கேள்விகளை மட்டும் தனியே எடுத்து 6 புள்ளிக்குக் கணக்கிடும் சுருக்க முறை ஒன்று உண்டு. அதில் போட்டுப் பார்ப்போம். நாளுக்கு 10 வரை என்றால் 0 புள்ளி, 11 முதல் 20 வரை 1, 21 முதல் 30 வரை 2, அதற்கு மேல் 3. எழுந்து 5 நிமிடத்துக்குள் புகைத்தால் 3, அரை மணிக்குள் 2, ஒரு மணிக்குள் 1, அதற்குப் பிறகு என்றால் 0.

நீங்கள் எழுந்ததும் புகைப்பவர் என்று வைத்துக்கொள்வோம். எண்ணிக்கைக்கு 1, நேரத்துக்கு 3, ஆக 4. நண்பர் பகல் முழுவதும் தொடாமல் மாலையில் கூட்டாளிகளோடு சேர்ந்து 20 புகைக்கிறார் என்றால் அவருக்கு 1 மட்டுமே. எண்ணிக்கையில் அவர் உங்களை மிஞ்சுகிறார். விடுவதில் திணறப்போவது பெரும்பாலும் நீங்கள்தான். அவருடைய சிக்கல் அந்த மாலைக் கூட்டத்தில் இருக்கிறது. உங்களுடையது ரத்தத்தில். பரிகாரமும் வேறுவேறுதான்.

எல்லாம் மனவுறுதியைப் பொறுத்தது என்கிறார்களே?

மனவுறுதி பற்றிய பிரசங்கம் செலவில்லாதது என்பதால் எல்லோரும் செய்கிறார்கள். உண்மை கொஞ்சம் வேடிக்கையானது. பொதுமக்களைக் காலப்போக்கில் பின்தொடர்ந்த பல ஆய்வுகளைத் திரட்டி 2011-இல் வெளிவந்த தொகுப்பாய்வு ஒன்றில் இரண்டு விஷயங்கள் பிரிந்து நின்றன. விட வேண்டும் என்ற ஆர்வம், யார் முயற்சியில் இறங்குவார் என்பதை நன்றாகக் காட்டியது. இறங்கியவர்களில் யார் நிலைத்து நிற்பார் என்பதை அது காட்டவில்லை. அதைக் காட்டியது நிகோட்டினின் பிடி எவ்வளவு இறுக்கம் என்பதுதான்.

ஆகவே தோற்றவரைப் பார்த்து "உனக்கு உண்மையாகவே ஆசை இல்லை" என்று சொல்பவர் பெரும்பாலும் தவறாகவே சொல்கிறார். ஆசை இல்லாதவர் முயன்றிருக்கவே மாட்டார்.

தன்னம்பிக்கை விஷயமும் இப்படித்தான். தொடங்கும் முன் "என்னால் முடியும்" என்று சொல்வது சிறிதளவே கணிக்கிறது. விட்டு ஒரு வாரம் கழித்து அதையே சொன்னால் அதற்கு மதிப்பு கூடுதல். ஆனால் அதற்குள் அவர் ஒரு வாரம் தாக்குப்பிடித்திருக்கிறார்; நம்பிக்கை வெற்றியைத் தந்ததா, வெற்றி நம்பிக்கையைத் தந்ததா என்று பிரிப்பது எளிதல்ல.

என் கணவருக்கு மாரடைப்பு வந்தது. மருத்துவமனைக் கட்டிலில் "இனி தொடவே மாட்டேன்" என்று சத்தியம் செய்தார். நம்பலாமா?

நம்புங்கள், ஆனால் நம்பிக்கையோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். மாரடைப்பைப் போல ஒருவரை உலுக்கி நிறுத்தவைக்கும் சம்பவம் குறைவு. கணிசமானவர்கள் அந்த அதிர்ச்சியிலேயே விட்டுவிடுகிறார்கள். ஆனால் மருத்துவமனையில் புகைக்க இடமில்லை, பழைய நாற்காலி இல்லை, சாப்பிட்டு முடித்ததும் நிற்கும் பால்கனி இல்லை. வீட்டுக்கு வந்ததும் அவை அத்தனையும் அங்கேயே காத்திருக்கும். அந்த நேரத்தில் மயான வைராக்கியம் கரைவது இயல்பு. அவருடைய அன்பிலோ நேர்மையிலோ குறை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மருத்துவமனையில் தொடங்கும் ஆலோசனை, வீடு திரும்பிய பின்னும் குறைந்தது ஒரு மாதம் தொடர்ந்தால்தான் பலன் தருகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எனவே டிஸ்சார்ஜ் ஆகும் நாளிலேயே மருத்துவரிடம் இரண்டைக் கேளுங்கள்: அவருடைய இதயத்துக்கு ஏற்ற மருந்து உதவி என்ன, அடுத்த ஒரு மாதம் யார் தொடர்பில் இருப்பார்கள்.

ஒரு செயலி "95 சதவீதம் துல்லியமாகக் கணிப்போம்" என்கிறது. நம்பலாமா?

கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எந்த உதவியும் இல்லாமல் விடுபவர்களில் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை தாக்குப்பிடிப்பவர்கள் 100-க்கு 3 முதல் 5 பேர். நான் ஒரு பொம்மையைச் செய்து, யார் வந்தாலும் "தோற்பீர்கள்" என்று சொல்லவைத்தால், அது 95 சதவீதம் சரியாகச் சொல்லிவிடும்! அதனால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

உண்மையிலேயே கெட்டிக்காரச் சோதனை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். வெல்லப்போகிறவர்களில் 80 சதவீதத்தினரையும் தோற்கப்போகிறவர்களில் 80 சதவீதத்தினரையும் அது சரியாக இனம்காண்கிறது. 100 பேரில் வெல்லப்போகும் 5 பேரில் 4 பேரை அது பிடித்துவிடும். தோற்கப்போகும் 95 பேரில் 19 பேரையும் "வெல்வார்" என்று தவறாகச் சொல்லும். ஆக, "நீங்கள் வெல்வீர்கள்" என்ற சீட்டோடு வெளியே வரும் 23 பேரில் உண்மையாக வெல்பவர்கள் 4 பேர். துல்லியம் என்ற சொல்லை விளம்பரத்தில் பார்த்தால் இந்த 23-ஐயும் 4-ஐயும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் நம்பகமான அறிகுறி எதுவுமே இல்லையா?

இருக்கிறது. ஆனால் அது விட்ட பிறகுதான் தெரியும். முதல் இரண்டு வாரம்.

உதவியின்றி விடுபவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்த 2004-ஆம் ஆண்டுக் கட்டுரை, மீண்டும் தொடங்குபவர்களில் பெரும்பாலோர் முதல் 8 நாளுக்குள்ளேயே தொடங்கிவிடுவதைக் காட்டியது. 1994-இல், தோலில் ஒட்டிக்கொண்டால் மெல்ல மெல்ல நிகோட்டினைச் செலுத்தும் நிகோட்டின் பேட்ச் பயன்படுத்தியவர்களிடம் நடந்த ஆய்வில், இரண்டாவது வாரத்தில் ஒரு சிகரெட்டாவது புகைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆறு மாதம் கழித்தும் புகைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாரத்தைச் சுத்தமாகக் கடந்தவர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர் ஆறு மாதத்திலும் விலகியே இருந்தார்கள். தொடங்கும் முன் கேட்கும் எந்தக் கேள்வியும் இவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டுவதில்லை.

காரணம் எளிது. எரிச்சல், தூக்கமின்மை, கவனச் சிதறல், ஓயாத பசி என்று உடல் நடத்தும் போராட்டம் முதல் வாரத்தில்தான் உச்சத்தில் இருக்கும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். விடும் தேதியைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தப் பதினைந்து நாளை மனதில் வைத்துத் தேர்ந்தெடுப்பது நல்லது. தேர்வும் வீடு மாற்றமும் விருந்துகளும் குவிந்திருக்கும் வாரத்தில் தொடங்கிவிட்டு விதியை நொந்துகொள்ளக் கூடாது.

பதினொரு நாள் தாண்டினேன். ஒரு விருந்தில் ஒன்றே ஒன்று புகைத்துவிட்டேன். எல்லாம் போயிற்றா?

போகவில்லை. ஆனால் ஆபத்தான இடத்தில் நிற்கிறீர்கள், அதையும் மறைக்க விரும்பவில்லை. ஒருமுறை சறுக்கியவர்களில் பலர் பிறகு முழுமையாகவே திரும்பிவிடுகிறார்கள். அந்த ஒரு சிகரெட்டில் இருந்த நிகோட்டினைவிட அதற்குப் பிறகு மனதில் ஓடும் பேச்சுக்கு இதில் பங்கு அதிகம் என்று அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் 1980-களில் விளக்கினார். விருந்து முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் அந்தப் பேச்சு தொடங்கும்: "பார்த்தாயா, உன்னால் முடியாது. கெட்டது கெட்டுவிட்டது, நாளை ஒரு பாக்கெட்டாகவே வாங்கிக்கொள்." மறுநாள் காலை வேதாளம் முருங்கை மரம் ஏறியிருக்கும்.

"நான் இப்படிப்பட்டவன்" என்று குணத்தின்மேல் பழி போடுபவர் விழுகிறார். "அந்த விருந்தில், கையில் மதுக்கோப்பையோடு, நண்பர் நீட்டியபோது" என்று சூழ்நிலையைச் சுட்டுபவர் எழுந்துகொள்ள வாய்ப்பு அதிகம். பாக்கெட்டில் மிச்சம் இருந்தால் இன்றே அப்புறப்படுத்துங்கள். நிகோட்டின் பேட்ச் போட்டுக்கொண்டிருந்தால் இந்த ஒரு சறுக்கலுக்காக அதை நிறுத்திவிடாதீர்கள்.

பலமுறை முயன்று தோற்றவன் நான். என் கணிப்பு மோசமாகத்தானே இருக்கும்?

எத்தனை முறை தோற்றீர்கள் என்பதைவிட, அவற்றில் அதிகபட்சமாக எவ்வளவு காலம் தாக்குப்பிடித்தீர்கள் என்பதே பயனுள்ள தகவல். ஒருமுறை மூன்று மாதம் நின்றவரும், ஒவ்வொரு முறையும் மறுநாளே விழுந்தவரும் ஒரே கணக்கில் வரமாட்டார்கள். கனடாவில் புகைப்பவர்களைப் பின்தொடர்ந்து 2016-இல் வெளியான ஆய்வு, வெற்றிகரமாக விடுவதற்குமுன் ஒருவர் 30 அல்லது அதற்கும் மேற்பட்ட முறை முயல வேண்டியிருக்கலாம் என்று மதிப்பிட்டது. அரை நாளில் முடிந்துபோன முயற்சிகளை நாம் மறந்துவிடுவதால்தான் நம் எண்ணிக்கை குறைவாகத் தெரிகிறது.

எப்படித் தோற்றீர்கள் என்பதை எழுதிப் பாருங்கள். எல்லாத் தோல்வியும் காலையில் நடந்திருந்தால் மருந்து உதவி போதவில்லை என்று சந்தேகிக்கலாம். எல்லாமே மதுவோடு நடந்திருந்தால் மதுவைப் பற்றித்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

படிப்படியாகக் குறைப்பவர் வெல்வாரா, ஒரே நாளில் நிறுத்துபவரா?

இங்கிலாந்தில் 697 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து நடந்த சோதனை 2016-இல் வெளியானது. நான்கு வாரத்தில், ஒரே நாளில் நிறுத்தியவர்களில் 49 சதவீதமும் படிப்படியாகக் குறைத்து நிறுத்தியவர்களில் 39 சதவீதமும் புகைக்காமல் இருந்தார்கள். ஆறு மாதத்தில் அது 22-க்கு 15.5 ஆனது. இன்னொரு தகவல் எனக்குக் கூடுதல் சுவாரசியம்: "எனக்குப் படிப்படியாகக் குறைப்பதுதான் பிடிக்கும்" என்று தொடக்கத்தில் சொன்னவர்கள், எந்தக் குழுவில் விழுந்தாலும், நான்கு வாரத்தில் மற்றவர்களைவிடப் பின்தங்கினார்கள். முறையைத் தேர்ந்தெடுக்கும் விருப்பமே ஓர் அறிகுறி ஆகிவிடுகிறது.

அதற்காக, குறைத்துக்கொண்டு வருபவரை யாரும் கேலி செய்ய வேண்டியதில்லை. ஆறில் ஒருவர் அப்படியும் விட்டிருக்கிறார்.

கூட இருப்பவர்களுக்கு இதில் எவ்வளவு பங்கு?

நிறைய. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் இதய ஆய்வில் 1971 முதல் 2003 வரை பின்தொடரப்பட்ட 12,067 பேரின் உறவுகளையும் நட்புகளையும் வரைந்து பார்த்த நிக்கோலஸ் கிறிஸ்டாகிஸும் ஜேம்ஸ் ஃபௌலரும் 2008-இல் இதை வெளியிட்டார்கள். கணவன் மனைவியரில் ஒருவர் விட்டால் மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 67 சதவீதம் குறைந்தது. உடன்பிறந்தவர் விட்டால் 25 சதவீதம், நண்பர் விட்டால் 36 சதவீதம். ஒரே வட்டத்தில் இருப்பவர்கள் கொத்துக்கொத்தாக விட்டிருந்தார்கள். ஒத்த குணமுள்ளவர்களே நண்பர்கள் ஆவதால் இதில் எவ்வளவு பங்கு தாக்கம், எவ்வளவு பங்கு சேர்க்கை என்ற விவாதம் உண்டு. ஆனால் வீட்டுக்குள் வேறொருவர் புகைக்கும் நிலையில் விடுவது கடினம் என்பதில் விவாதம் இல்லை.

"நீங்கள் விடுங்கள், நான் மெதுவாக விடுகிறேன்" என்று ஒரே கூரையின்கீழ் ஒப்பந்தம் போடுபவர்கள் குறைந்தபட்சம் வீட்டுக்குள் புகைப்பதில்லை என்றாவது முடிவு செய்துகொள்ளலாம்.

ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்க முடியாதா?

ஒரு பகுதியை முடியும், அதுதான் இந்தத் துறையில் எனக்கு அதிக நம்பிக்கை தரும் பகுதியும்கூட. கல்லீரலில் சிஒய்பி2ஏ6 என்ற நொதி நிகோட்டினை உடைக்கிறது. சிலருக்கு அது வேகமாக வேலை செய்யும், சிலருக்கு மெதுவாக. பரம்பரையும் ஹார்மோனும் இதைத் தீர்மானிக்கின்றன. கர்ப்ப காலத்தில் வேகம் நன்றாகவே கூடிவிடும். வேகமாக உடைப்பவருக்கு நிகோட்டின் சீக்கிரம் தீர்ந்துபோவதால் பேட்ச் மட்டும் பல நேரம் போதாது.

2015-இல் வெளியான சோதனையில் 1,246 பேரின் ரத்தத்தில் இந்த வேகத்தை அளந்த பிறகு சிகிச்சை கொடுத்தார்கள். இயல்பான வேகம் உள்ளவர்களுக்கு பேட்சைவிட, புகைப்பதை விட உதவும் வரெனிக்லின் என்ற மாத்திரை தெளிவாக மேலாக இருந்தது. மெதுவாக உடைப்பவர்களுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். மாத்திரையின் பக்கவிளைவுகள்தான் கூடுதல். "யார் வெல்வார்" என்ற கேள்வி இங்கே "எந்த மருந்தால் வெல்வார்" என்று மாறுகிறது. இந்தப் பரிசோதனை இன்னும் எல்லா மருத்துவமனைகளிலும் கிடைக்கும் வழக்கமான ஒன்றாக ஆகவில்லை.

வயது, படிப்பு, வருமானம், மனச்சோர்வு?

வயதானவர்கள் கொஞ்சம் கூடுதலாக வெல்கிறார்கள். வருமானமும் படிப்பும் குறைந்தவர்கள் மற்றவர்களைப் போலவே முயல்கிறார்கள், குறைவாக வெல்கிறார்கள். சுற்றிலும் புகை, தலைக்குமேல் கவலை, கைக்கு எட்டாத மருந்து என்று காரணங்கள் வெளியேதான் இருக்கின்றன. மனச்சோர்வு உள்ளவர்களுக்குக் கடினம் கூடுதல். ஆனால் "சிகரெட்டை விட்டால் மனநிலை இன்னும் கெட்டுவிடும்" என்ற பயம் வேண்டாம்: விட்டவர்களுக்குப் பதற்றமும் சோர்வும் குறைகின்றன என்று 2014-இல் ஒரு தொகுப்பாய்வு காட்டியது.

அந்த ஆறு கேள்வி வினாத்தாளில் என் புள்ளி 10-க்கு 8. அப்படியானால் முயல்வதே வீணா?

உதவி இல்லாமல் முயல்வது வேண்டாம் என்றுதான் அந்த 8 சொல்கிறது. 2016-இல் வெளியான, 8,144 பேர் பங்கேற்ற மாபெரும் சோதனையில், 9 முதல் 24 வாரம் வரை தொடர்ந்து புகைக்காமல் இருந்தவர்கள் போலி மாத்திரை எடுத்தவர்களில் 9.4 சதவீதம், பேட்ச் போட்டவர்களில் 15.7, புப்ரோபியான் என்ற இன்னொரு மாத்திரை எடுத்தவர்களில் 16.2, வரெனிக்லின் எடுத்தவர்களில் 21.8. எல்லோருக்கும் சிறு ஆலோசனையும் கிடைத்தது. மாத்திரை வேண்டாம் என்றால், பேட்சோடு நிகோட்டின் சூயிங்கம் போன்று உடனே வேலை செய்யும் ஒன்றையும் சேர்ப்பது, பேட்சை மட்டும் போடுவதைவிட மேல்.

குறைந்த புள்ளிக்காரர் வெறும் முடிவோடு இறங்கிப் பார்க்கலாம். உங்களைப் போன்றவர் முதல் நாளிலிருந்தே மருந்தும் ஆலோசனையும் சேர்த்து, மருத்துவர் சொல்லும் முழுக் காலத்துக்கும் எடுக்க வேண்டும். நடைமுறையில் பலர் சற்றுத் தேறியதும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள்.

விட்டேன் என்று சொல்பவர் உண்மையைத்தான் சொல்கிறாரா என்று எப்படித் தெரியும்?

ஆய்வுகளில் மூச்சில் உள்ள கார்பன் மோனாக்சைடையோ, நிகோட்டின் உடைந்து உருவாகி எச்சிலில் தங்கும் கோட்டினினையோ அளப்பார்கள். முந்தையது ஒரு நாளில் மறைந்துவிடும். கோட்டினின் சில நாள் தங்கும். வீட்டில் இந்த வேலை வேண்டாம். சட்டைப் பையை முகர்ந்து பார்க்கும் வீட்டில், சறுக்கியவர் அதைச் சொல்லாமல் மறைப்பார். சறுக்கலைப் பேச ஆளில்லாமல் போவதுதான் நட்டம்.

ஆறு மாதம் ஆகிவிட்டது. இனி பயமில்லையா?

பயம் குறைந்திருக்கிறது, தீரவில்லை. ஓராண்டை முழுமையாகக் கடந்தவர்களிலும் அதற்கடுத்த ஆண்டுகளில் ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் பேர் மீண்டும் புகைக்கத் தொடங்குவதாக 2008-இல் ஒரு தொகுப்பாய்வு கணக்கிட்டது. இந்தக் கட்டத்தில் ரத்தத்தில் நிகோட்டின் இல்லை, காலைத் தவிப்பும் இல்லை. ஆகவே முதல் சிகரெட் எத்தனை நிமிடத்தில் என்ற பழைய கேள்வி அவ்வளவாக உதவாது. துக்கம், வேலை இழப்பு, மது, பழைய நண்பரோடு ஓர் இரவு, "இவ்வளவு நாள் ஆயிற்றே, ஒன்று புகைத்தால் என்ன" என்ற பெருமிதம் ஆகியவைதான் இப்போது கவனிக்க வேண்டியவை. முன்பு உங்களுக்கு உதவிய ஆலோசகரின் எண்ணை அழிக்காமல் வைத்திருங்கள். துக்க வீட்டுக்குப் போகும்போது சூயிங்கம் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்வதிலும் வெட்கப்பட எதுவும் இல்லை.